திறப்பு விழாவுக்குக் காத்திருந்த மழைக்கூடம்

ஏரிக்கரைக் காட்டில் ஐப்பசி வந்தால் வெள்ளமும் வந்துவிடும். கரையோரம் வளை தோண்டி வாழ்ந்த கீரிக்கும் முயலுக்கும் எலிகளுக்கும் அப்போது பெரும் பாடு. போன மழையில் கீரியின் குட்டி ஒன்று வெள்ளத்தோடு போய்விட்டது. இப்போது அதற்கு மிச்சம் இருந்தவை இரண்டே குட்டிகள்.

இதையெல்லாம் கேட்ட காட்டுச் சபை, பாறைமேட்டில் ஒரு மழைக்கூடம் கட்ட முடிவு செய்தது. மழை நாளில் எல்லோரும் ஒதுங்கலாம். மற்ற நாளில் வீடில்லாதவர்கள் குடியிருக்கலாம். திட்டம் போட ஒரு குழுவும் அமைத்தார்கள். நரி தலைவர். ஆமையும் தவளையும் உறுப்பினர்கள். ஆமைக்கு முதுகிலேயே வீடு. தவளைக்கோ மழை என்றால் கொண்டாட்டம்!

"எப்போ கட்டலாம்?" என்று கேட்டது நரி.

"மெதுவா கட்டலாம், என்ன அவசரம்?" என்றது ஆமை.

"கூரை கண்டிப்பா வேணுமா?" என்றது தவளை.

முதல் ஆளாகக் கீரி போய் நின்றது. "தலைவரே, எனக்கும் குட்டிகளுக்கும் ஒரு மூலை கொடுங்க."

"வீடில்லாதவங்களுக்குத்தான் இடம். உனக்கு வீடு இல்லைன்னு எப்படி நம்புறது?"

"தண்ணி ஏறினா இருக்காது தலைவரே!"

"அப்படியா? எங்கே, உன் வீட்டைக் காட்டு!"

கீரி கூட்டிக்கொண்டு போய்த் தன் வளையைக் காட்டியது.

"அதான் வீடு இருக்கே!" என்று சொல்லிவிட்டு நரி திரும்பி நடந்தது.

எப்படியோ கூடம் எழும்பிவிட்டது. யானைகள் பாறை உருட்டின. தூக்கணாங்குருவிகள் கூரை பின்னின. உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சருகு மெத்தை. ஒரு சொட்டு ஒழுகாது!

நரி வாசலின் குறுக்கே ஒரு பூங்கொடியைக் கட்டியது. சிங்கராஜாவின் வாய் எட்டும் உயரத்தில் பார்த்துப் பார்த்துக் கட்டியது.

"ராஜா வருவார். கொடியைப் பல்லால் அறுத்துத் திறந்து வைப்பார். அதுவரை இந்தக் கொடியை யாரும் அறுக்கக் கூடாது. அறுத்தால் ராஜ துரோகம்!"

அழைப்போடு காகம் பறந்தது. வேட்டை முடியட்டும் என்று சிங்கம் சொல்லி அனுப்பியது. மறுபடி பறந்தது. தொண்டை கட்டியிருக்கிறது, கர்ஜனை வரட்டும் என்று பதில் வந்தது.

மழை யாருடைய தொண்டைக்காகவும் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் வானம் கறுத்துக் கொட்டியது. ஏரி உடைத்துக்கொண்டது. கீரி இரண்டு குட்டிகளையும் வாயில் மாற்றி மாற்றிக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. அதற்கு முன்பே முயல், எலிகள், மான், காட்டுப்பன்றி எல்லாம் அங்கே நனைந்துகொண்டு நின்றன. எதிரே காய்ந்த சருகு. நடுவே அந்தக் கொடி. கொடிக்குக் காவலாக நரி. அதன் வாயில் ராஜாவுக்கான அல்லி மாலை.

"நரி மாமா! என் சின்னது விறைச்சுப் போச்சு, வழி விடுங்க!" என்றது கீரி.

நரி மாலையைக் கீழே வைத்தது. "திறப்பு விழா நடக்கலையே அம்மா! நாளைக்கு ராஜா வந்தா என் முகத்தை எங்கே வச்சுக்கிறது?"

"நாளைக்குள்ள உங்க முகம் காஞ்சுதானே இருக்கும், எங்கேயாவது வச்சுக்கங்க!" என்றது முயல்.

காட்டுப்பன்றி உறுமியது. "நகருங்கய்யா, ஒரே இழுப்பில் அறுத்துடறேன்!"

"அறு, பார்ப்போம்! ராஜா கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன்."

பன்றி பின்வாங்கியது. சின்னக் குட்டியின் நடுக்கம் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. குளிரில் நடுக்கம் அடங்கினால் என்ன அர்த்தம் என்று கீரிக்குத் தெரியும். அது குட்டியைப் பார்த்தது. கொடியைப் பார்த்தது. கொடியின் கீழே பார்த்தது.

"தலைவரே, கொடியை அறுக்கக் கூடாது. அவ்வளவுதானே உத்தரவு?"

"அவ்வளவுதான்!"

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லை! என் வால்மேல் ஆணை!"

கீரி குட்டியைக் கவ்வியது. கொடிக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டது. அதன் முதுகுகூடக் கொடியில் படவில்லை!

"ஏய், ஏய்!" என்று நரி கத்தியது.

"உங்க கொடி பத்திரமா இருக்கு மாமா, எண்ணிப் பாருங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அடுத்த நொடி கீரி வெளியே வந்து பெரிய குட்டியையும் கவ்விக்கொண்டு போனது.

அப்புறம் என்ன? முயல் புகுந்தது. எலிகள் புகுந்தன. மானுக்குக் கொம்பு இடித்தது. பன்றி தன் மூக்கால் கொடியை ஏந்திப் பிடித்தது.

"மெல்ல, மெல்ல! பூ உதிர்ந்துடப் போகுது, தலைவர் அழுவார்!" என்றது முயல்.

சருகுக்குள் புதைந்து, தாயின் வயிற்றுச் சூட்டில் கிடந்த சின்னக் குட்டி மறுபடி நடுங்க ஆரம்பித்தது. பிறகு பால் தேடியது. கீரி அப்போதுதான் மூச்சு விட்டது.

"நீங்களும் வாங்க மாமா, இடம் இருக்கு!" என்று அது வெளியே பார்த்துச் சொன்னது.

"நான் தலைவர்! நானே முன்னால நுழைஞ்சா விழா என்னாகிறது?" என்று நரி மாலையைக் கவ்விக்கொண்டு மழையிலேயே நின்றது.

மறுநாள் வெயில் வந்தது. கூடவே சிங்கமும் வந்தது. வரவேற்புரை படிக்க நரி வாயைத் திறந்தது. தும்மல்தான் வந்தது. ஆமையும் தவளையும் அதற்கும் கை தட்டின.

சிங்கம் உள்ளே எட்டிப் பார்த்தது. கூடம் நிறைந்து கிடந்தது. "என்னய்யா, திறக்காத வீட்டுக்குள்ளே இத்தனை பேரா? கொடி அறுந்துச்சா?"

"இல்லை ரா... அச்சூ!"

"அப்போ எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு" என்று சிங்கம் கொடியை அறுத்தது. பிறகு மார்பை நிமிர்த்தி, "இன்றுமுதல் இந்தக் கூடம்..." என்று முழங்கத் தொடங்கியது.

"மெதுவா ராஜா, பிள்ளைங்க தூங்குது" என்றது கீரி.

நனைகிறவரை வாசலில் நிறுத்திவிட்டு விருந்தாளிக்காகக் காத்திருக்கும் வீடு, எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் வீடே அல்ல.