பின்விளக்கு

"வாத்தியாரம்மா, பல்பை மாத்திட்டேன். ஃபியூஸை மாத்திட்டேன். ஜீப்புலேருந்து பின்னாடி வரைக்கும் புது வயர் இழுத்துட்டேன். இன்னும் சரியா எரியல," என்றார் அருளப்பன்.

ஜைனம்பு குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்தாள்.

அவள் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அருளப்பனைவிட இருபது வயது இளையவள். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வயரிங் வேலையை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

டிரெய்லரில் படகு ஏற்றிக் கட்டியிருந்தது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் மணக்குடி ஊர் முழுக்க வெள்ளம். பள்ளிக்கூட மாடியில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

ஜீப்பை ஓட்டப்போவது அருளப்பனின் தம்பி சூசைநாதன். பின்விளக்கு எரியாமல் எடுக்க மாட்டேன் என்று நின்றான். இந்த மழையில், பின்னால் வரும் லாரிக்கு டிரெய்லர் இருப்பதே தெரியாது.

"பிரேக்கை மிதிங்க," என்றாள் ஜைனம்பு.

சூசைநாதன் மிதித்தான். பிரேக் விளக்கு மங்கலாகச் சிவந்தது. பக்கத்தில் இண்டிகேட்டரும் லேசாக மினுங்கியது.

"இண்டிகேட்டரை யாரும் போடலையே. அது ஏன் எரியுது?"

"அதான் புரியல. கரண்ட் பத்தலையோன்னு தடிச்ச வயரா போட்டுப் பாத்தேன்."

"கரண்ட் போகுதாண்ணே?"

"போகுது. டெஸ்டர் வச்சுப் பாத்தேன்."

"போய்?"

அருளப்பன் பல்பைப் பார்த்தார்.

"போய்... பல்பு எரியணும்."

ஜைனம்பு ஒரு துண்டு வயரை எடுத்தாள். ஒரு முனையை ஜீப்பின் இரும்பில் மாட்டினாள். மறுமுனையால் பல்ப் உட்காரும் தகட்டைத் தொட்டாள்.

பிரேக் விளக்கு பளீரென்று எரிந்தது. இண்டிகேட்டர் அணைந்துபோனது.

வயரை எடுத்தாள். மறுபடி மங்கல்.

அருளப்பன் குனிந்து பார்த்தார். அவர் புதிதாக மாற்றாத ஒரே வயர், டிரெய்லர் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருந்த கறுப்பு எர்த் வயர்.

ஜைனம்பு அந்த நட்டைக் கழற்றினாள். அடியிலும் நீலப் பெயின்ட் மினுமினுத்தது.

"யார் அடிச்சது?"

"நான்தான். உப்புத் தண்ணி பட்டுத் துருப்பிடிக்குதேன்னு போன மாசம் ரெண்டு கோட்டிங் அடிச்சேன். ஒரு பொட்டு இரும்பு வெளிய தெரியாம அடிச்சேன்."

அவள் உப்புத்தாளை நீட்டினாள்.

அருளப்பன் வாங்கித் தயங்கினார். பிறகு தேய்த்தார். நீலம் பொடியாக உதிர்ந்து, ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை இரும்பு தெரிந்தது. எர்த்தை அதன்மேல் வைத்து அவரே முறுக்கினார்.

"இப்ப மிதி," என்றார்.

சிவப்பு வெளிச்சம் ஈரத்தரையெல்லாம் பரவியது. இண்டிகேட்டர் போட்டால் இண்டிகேட்டர் மட்டும் எரிந்தது.

அருளப்பன் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சை இழுத்து விட்டார். சிரிப்பு வந்தது.

"இண்டிகேட்டர் ஏன்மா மினுங்குச்சு?"

"பெயின்ட் மறிச்சதால கரண்டுக்குத் திரும்பி வர வழி இல்ல. இண்டிகேட்டர் வழியா நுழைஞ்சு வரப் பாத்துச்சு."

சூசைநாதன் ஜீப்பைக் கிளப்பினான். கண்ணாடியை இறக்கினான்.

"வர்றேண்ணே."

வழக்கமாக "சரி, போ" என்று கையாட்டி விடுகிறவர், எழுந்து ஜன்னலருகே போனார். தம்பியின் தோளில் கை வைத்தார்.

"திரும்பி வா," என்றார்.