புற்றுக்குள் ஒரு பல் வைத்தியர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்தக் கதையை உரக்கச் சொல்ல முடியாது. இதில் வருகிற ஒருவருக்குச் சத்தம் ஆகாது.

ஒரு குளம். குளக்கரையில் தாழம்புதர். உச்சிவெயில் கொளுத்தும்போதும் புதருக்குள்ளே அந்தி மாதிரிதான் இருக்கும். அங்கே கீரிகள் கூட்டமாகக் குடியிருந்தன.

காலையில் எழுந்ததும் கீரிக்குட்டிகள் வேலம்பட்டையை மென்று துப்ப வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். அவை மெல்லுகிற சத்தம் கறுக் மொறுக்கென்று அக்கரை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே எந்தப் பாம்பும் இந்தக் கரையில் வயிறு வைக்காது.

அந்தச் சத்தம் நாளாக நாளாகத் தேய்ந்தது. ஒரு காலையில் சுத்தமாக நின்றுபோனது.

காரணம் இதுதான். புதருக்கு நடுவில் ஒரு பழைய கரையான் புற்று. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வர ஆரம்பித்திருந்தது. மெதுவான குரல், இதமான குரல்.

"பல்லு வலிக்கிற பிள்ளைங்க எல்லாம் வாங்க கண்ணு. பட்டை வேண்டாம், கசப்பு வேண்டாம். சொத்தை விழுந்த ஓட்டையைத் தேன்மாவு வச்சு அடைச்சு விடுதேன். வலி பறந்து போகும்."

வைத்தியரின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. புற்றின் வாய்க்குள் தலையை விட்டு வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். சொன்னபடியே வலி நின்றது. தேன் வாசனை அங்கே அப்படித் தூக்கும். அதை மீறி வேறு வாசனை எதுவும் மூக்கில் ஏறாது. முதலில் குட்டிகள் போயின. அப்புறம் பெரியவர்களும் போனார்கள்.

செவத்தா என்ற கீரி மட்டும் போகவில்லை. அவள் பட்டை மெல்லுவதை விடவில்லை, பல்லும் வலிக்கவில்லை. ஆனால் அவள் மகன் துடியன் தவறாமல் போய்வந்தான்.

"யம்மா, வைத்தியர் உன்னையக் கேட்டாரு."

"என்னைய எதுக்குலே?"

"எல்லாரும் வந்தாச்சு, உங்கம்மா மட்டும் இன்னும் வரலியேன்னு. தினமும் கேக்காரு."

செவத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து வளையில் இருந்த வாலாயியிடம் போனாள். வாலாயி வெட்டுக்கிளி ஒன்றை வாயில் போட்டு அதக்கிக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சியக் காட்டாத ஆளுகிட்டப் பிள்ளை தலையை எப்படிக்கா குடுக்கது?"

"மூஞ்சிய வச்சு நீ என்ன செய்யப் போற? வலி நிக்குதா, இல்லியா? ஏட்டி, பட்டையை மென்னு மென்னு உனக்குப் புத்தியும் கசந்து போச்சு."

சொல்லிவிட்டு வாலாயி சிரித்தாள். சிரித்த வாயிலிருந்து அந்த வெட்டுக்கிளி வெளியே வந்தது. உயிரோடு, முழுசாக வந்தது. அவள் தாடையில் மெதுவாக இறங்கி நடந்து புல்லுக்குள் போய்விட்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். வாலாயி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் குட்டிகள் வரிசையாகப் படுத்துத் தூங்கின. எல்லா வாயும் திறந்து கிடந்தது. செவத்தா காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். ஓரமாக எறும்புச் சாரை ஒன்று போனது. எங்கேயோ செத்த வண்டு கிடக்கிறது போல என்று நினைத்தாள்.

சாரை துடியன் மேல் ஏறியது. மீசையைத் தாண்டியது. உதட்டைத் தாண்டி உள்ளே போனது.

போன எறும்பு ஒவ்வொன்றும் வெள்ளையாக ஒரு மாவுத்துணுக்கைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தது. அடுத்த குட்டியின் வாயிலும் அப்படியே. அதற்கடுத்த குட்டியின் வாயிலும் அப்படியே. ஒரு குட்டிகூட அசையவில்லை.

செவத்தா பாய்ந்து போய் எறும்புகளைத் தட்டிவிட்டாள். துடியனின் பல்லை லேசாகத் தொட்டாள். அது நனைந்த சுண்ணாம்புக் கட்டி போல அவள் கையோடு வந்தது. மேலே தேன்மாவு. மாவுக்குக் கீழே கரியாகப் போன குழி. சொத்தையைச் சுரண்டாமல் உள்ளேயே வைத்து, அதற்குத் தீனியும் போட்டு மூடியிருந்தார் அந்த வைத்தியர்.

மகனை எழுப்பினாள்.

"ஏலே, வைத்தியர் கை எப்படி இருக்கும்?"

"சில்லுனு இருக்கும்மா. மாவு வைக்கதுக்கு முன்னால ஒவ்வொரு பல்லாத் தடவிப் பாப்பாரு. ஒத்த விரல்தான். நுனி மட்டும் ரெண்டாப் பிளந்திருக்கும்."

செவத்தாவின் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால் வரைக்கும் நட்டுக்கொண்டது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு குட்டியைத் தீண்டினால் மொத்தக் கூட்டமும் வந்து புற்றைப் பிளந்துவிடும். அதனால் உள்ளே இருப்பது அவசரப்படவில்லை. இந்தக் கரையில் கடிக்கிற வாயே இல்லாமல் போகட்டும் என்று காத்திருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாய். அது அவளுடையது.

கூச்சல் போடலாம். கேட்டு ஓடிவருகிறவர்கள் எதை வைத்துக் கடிப்பார்கள்? முதலில் பிள்ளைகளின் வாயைப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள்.

விழுந்த பால்பல்லுக்கு வளையில் பஞ்சமில்லை. அவற்றைப் பொறுக்கி வந்து குளத்தங்கரையில் உட்கார்ந்தாள். ஒரு பல்லின் ஓட்டையில் களிமண்ணை அடைத்துத் தண்ணீரில் போட்டாள். கரைந்துவிட்டது. வேலம்பிசின் ஊறிக் கழன்றது. தேன்மெழுகு தண்ணீருக்குத் தாங்கியது, வெயிலுக்கு உருகியது. இலந்தைக் கொம்பில் பூச்சி புதிதாக வைத்திருந்த அரக்கைப் பசையாக இருக்கும்போதே அப்பிப் பார்த்தாள். அது இறுகி நின்றது. தண்ணீர், வெயில் எதற்கும் அசையவில்லை. எறும்பு மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

ஆனாலும் அரக்கு வைத்த பல் ஒன்று வெடித்தது. உடைத்துப் பார்த்தாள். அதில் கறுப்பைச் சுரண்டாமல் அடைத்திருந்தாள். சுரண்டி, காயவிட்டு, அப்புறம் அடைத்த பல் அப்படியே இருந்தது.

துடியனைக் காலிடுக்கில் பிடித்து, முள்ளம்பன்றி முள்ளால் கறுப்பைச் சுரண்டினாள். அவன் அலறினான்.

"அந்த வைத்தியர் வலிக்காமச் செய்வாரு."

"செய்வாரு. உனக்குப் பல்லு நிக்கணும்னு அவருக்கு என்னலே கவலை? வாயைத் திற."

அரக்கை வைத்து அடைத்தாள்.

"இது இருக்குற ஓட்டையத்தான் அடைக்கும். புது ஓட்டை விழாம பாக்கது உன் பாடு. நாளைக் காலையில பட்டை மெல்லணும். புதுப்பல்லு முளைக்கும்போது ஈறு நல்லா இருக்கணும், கேட்டியா?"

வாயில் அரக்கோடு அவன் தலையை ஆட்டினான். அவள் எழுந்து புற்றைப் பார்த்து நடந்தாள். கூடவே வாலாயியும் மற்றவர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"வந்துட்டியா செவத்தா," என்றது குரல். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. "உனக்காகத்தான் காத்துட்டு இருந்தேன்."

"கடைவாய்ல ஒரு பல்லு குடையுது வைத்தியரே."

"குடையத்தான் செய்யும். தலையை உள்ள விடு. இன்னும் கொஞ்சம். நல்லாத் திற."

உள்ளே கும்மிருட்டு. தேன் வாசனை முகத்தில் அடித்தது. இவ்வளவு கிட்டத்தில் வந்த பிறகுதான், அதற்குக் கீழே இருந்த பழைய பாம்பு வாசனை அவளுக்குத் தெரிந்தது. சில்லென்று ஏதோ அவள் முன்பல்லைத் தொட்டது. பக்கத்துப் பல்லைத் தொட்டது. கோரைப்பல்லுக்கு வந்து நின்றது.

"கெட்டியா இருக்கே," என்றது குரல். இப்போது அதில் இதம் இல்லை.

நீதியை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது: சொத்தையை உள்ளே வைத்து இனிப்பால் மூடுகிறவன் வலியை மட்டும்தான் போக்குவான், பல்லைக் காப்பாற்றுவது தினமும் நாம் மெல்லுகிற கசப்புதான்.

செவத்தா வாயை மூடினாள்.