அழுத்தம் சமம் ஆறு

“அந்தப் பொண்ணை மாத்துங்க மேடம். இல்லைன்னா என்னை மாத்துங்க.”

குணசீலன் உட்காரவில்லை. கதவையும் சாத்தவில்லை. பக்கத்து அறையில் இருந்த மெஹருக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

நாச்சியார் நிமிர்ந்து பார்த்தார். குணசீலனைவிட வயதில் மிகவும் சின்னவர். ஆனாலும் குணசீலன் ஒரு புதிய மொழியைக் கற்றுக்கொள்வது அவரிடம்தான்.

கணினிக்கு எழுதும் மொழிதான். ஆனால் அதில் ‘முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்று கட்டளை போட முடியாது. பம்பு என்றால் பம்பு எப்படி நடந்துகொள்ளும், குழாய் என்றால் குழாய் எப்படி நடந்துகொள்ளும் என்று சமன்பாடாக எழுத வேண்டும். பிறகு இரண்டையும் இணைத்துவிட்டால், தெரியாத எண்களைக் கணினியே கண்டுபிடித்துச் சொல்லும். தெரியாத எண்கள் எத்தனையோ அத்தனை சமன்பாடுகள் வேண்டும்; கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

பம்பை எழுதியவர் குணசீலன். குழாயை எழுதியவள் மெஹர். குன்றின் மேல் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டுக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும்.

காலையிலிருந்து இரண்டும் சேர மறுத்தன.

“என் பம்பு தனியா நல்லா ஓடுதுங்க. அவ குழாயோட இணைச்சா நின்னுடுது.”

“அவ குழாய் தனியா ஓடுதா?”

“ஓடுது.”

“அப்புறம்?”

“பம்பு வாயில ஆறு பார் அழுத்தம்னு நான் எழுதியிருக்கேன். அதே இடத்துல அவ நாலுன்னு எழுதி வெச்சிருக்கா. யாரைக் கேட்டு எழுதினா?”

“யாரைக் கேக்கணும் சார்?”

மெஹர் வாசலில் நின்றிருந்தாள். குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல.

“போன கோடையில ஆறு ஏத்தினப்பதான் அந்தக் குழாய் வெடிச்சுது. எங்க அத்தா அன்னைக்கு அந்த வார்டுலதான் படுத்திருந்தாரு. தண்ணி வரலைன்னு மெஷினைப் பாதியில நிறுத்திட்டாங்க. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்த மக நான். நாலுக்கு மேல ஏத்த விடமாட்டேன்.”

“நாலு வெச்சா தண்ணி குன்று ஏறாது.”

“ஆறு வெச்சா குழாய் இருக்காது.”

“குழாயை ஒழுங்காப் போடத் தெரியாதவங்க...”

“சார், மரியாதையாப் பேசுங்க.”

இருவரும் ஒரே நேரத்தில் நாச்சியாரிடம் திரும்பினார்கள்.

“நீங்களே சொல்லுங்க மேடம். ஆறா, நாலா?”

நாச்சியார் கணினியைத் தன் பக்கம் இழுத்தார். குணசீலன் எழுதிய வரியை அழித்தார்.

குணசீலனின் முகம் சிவந்தது. “அது நான் பம்பு பக்கத்துல நின்னு அளந்த நம்பர். தப்புன்னு சொல்லுங்க பாப்போம்.”

“தப்புன்னு சொல்லலையே.”

“பின்ன எதுக்கு அழிச்சீங்க?”

நாச்சியார் மெஹர் எழுதிய வரியையும் அழித்தார்.

“மறுபடி வெடிச்சா நீங்க வந்து நிப்பீங்களா மேடம்?” என்றாள் மெஹர்.

நாச்சியார் எழுந்தார். அவர் கோபப்பட்டு இருவருமே பார்த்ததில்லை.

“காலையிலிருந்து கத்திக்கிட்டிருக்கீங்க. கணினி என்ன சொல்லுச்சுன்னு ரெண்டு பேர்ல யாராவது முழுசாப் படிச்சீங்களா?”



காலையில் கணினி சிவப்பு எழுத்தில் காட்டிய அறிவிப்பைத் திரையில் கொண்டுவந்து, நாச்சியார் குணசீலன் பக்கம் திருப்பி வைத்தார்.

“படிங்க.”

“அழுத்தத்துக்கு இரண்டு சமன்பாடுகள் உள்ளன.” குணசீலன் விரலால் திரையைத் தட்டினார். “இதைத்தானே நானும் சொல்றேன்? ரெண்டுல ஒண்ணு போகணும். அவளோடது போகணும்.”

“கீழ இன்னொரு வரி இருக்கு.”

குணசீலன் குனிந்தார். உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

“சத்தமாப் படிங்க. அவளுக்கும் கேக்கணும்.”

“நீரோட்டத்தின் அளவுக்குச் சமன்பாடு எதுவும் இல்லை.”

மெஹர் உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். தானும் ஒருமுறை படித்தாள்.



குணசீலன் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். மெஹரைப் பார்க்காமலே கேட்டார்.

“அந்த வார்டுல... ஒருத்தருக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு தண்ணிம்மா வேணும்?”

“தெரியாது சார்,” என்றாள் மெஹர். “நான் கேட்டதே இல்லை.”