ஒரே ஒரு கேள்வி

"என்ன மேடம், என் தாளுக்கு மார்க்கே போடலியே!"

உபதேசியார் மாசிலாமணி விடைத்தாளை மேசைமேல் வைத்தார். ஒன்பது பக்கம். தலைப்புக்கெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் அவரை "அங்கிள்" என்பார்கள். இருபது வருஷமாகக் குருவானவருக்குக் கீழே சின்னச் சின்ன ஊர்ச் சபைகளில் ஜெபம் நடத்தி, சைக்கிள் மிதித்தே முழங்கால் தேய்ந்த மனுஷன். இந்தக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவமும் சமயமும் அறவியலும் படித்துத் தேறினால்தான் அவருக்குக் குருப்பட்டம். அதுவும் இந்த வருஷத்தோடு சரி. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு சாகும்வரை உபதேசியார்தான்.

பேராசிரியை ஹெப்சிபா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தாளை அவர் தொடவில்லை.

"யாருக்குமே போடலை," என்றார்.

"மத்தவங்க கதை எனக்கு எதுக்கு மேடம்? ஒரே ஒரு கேள்விதான் கேட்டீங்க. 'கடவுள் நல்லவர் என்றால் குழந்தைகள் ஏன் சாகிறார்கள்?' அஞ்சு பதிலும் எழுதியிருக்கேன். எல்லாம் நீங்க கொடுத்த நோட்ஸ்தான். ஒரு கமா விடலை."

"ஆமா, விடலை."

"பின்னே என்ன குறை?"

"வாசிங்க உபதேசியாரே, கேப்போம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரசங்கக் குரலில் ஆரம்பித்தார்.

"முதலாவது பதில். துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்துகிறது. ஒரு குழந்தையை இழக்கும் தாய் பொறுமையைக் கற்றுக்கொள்கிறாள்."

"'ஒரு குழந்தை'ன்னு வேண்டாம். ஆஷர்னு வாசிங்க."

உபதேசியார் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

ஆஷர் ஹெப்சிபாவின் மகன். நாலு வயது. மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது இந்த மாசிலாமணிதான். சின்னப் பெட்டி, இன்னொரு ஆள் தேவைப்படவில்லை. பதினோராம் நாள் ஹெப்சிபா வகுப்புக்குத் திரும்பி வந்து, பரீட்சை என்று சொல்லி அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதினார். "பாத்துக்கிடுங்கடே, விசுவாசம்னா இதுதான்" என்று பிள்ளைகளிடம் மெச்சிக்கொண்டதும் இதே மாசிலாமணிதான்.

"ஆஷரை இழக்கும் தாய்..."

"ம்."

"பொறுமையைக் கற்றுக்கொள்கிறாள்."

"அடுத்தது."

"இரண்டாவது பதில். நாம் பார்ப்பது ஒரு மூலையை மட்டுமே. முழுவதையும் பார்க்க முடிந்தால், ஒரு... ஆஷரின் சாவும் நன்மைக்கே என்று விளங்கும்."

"அடுத்தது."

மூன்றாவது பதில், பாவத்துக்கு வரும் தண்டனையைப் பற்றியது. உபதேசியார் வரியின்மேல் விரலை வைத்தார். வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு எத்தனையோ தடவை முட்டாய் கொடுத்த கை, தாளை மூடியது.

"என்னால முடியல மேடம். ஐயோ, பாவி! என்னத்த எழுதி வச்சிருக்கேன்!"

"எழுதினதுதான் நீங்க. சொல்லிக்கொடுத்தது நான். பதினோரு வருஷமா இதே நோட்ஸ்."

ஜெப மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"சரி மேடம். இதெல்லாம் தப்பு. அப்போ சரியான பதில் எது? அதைச் சொல்லுங்க, இப்பவே உக்காந்து திரும்ப எழுதித் தாரேன்."

ஹெப்சிபா பக்கத்திலிருந்த விடைத்தாள் கட்டின்மேல் கையை வைத்தார். ஒவ்வொரு தாளையும் அவர் இரண்டு தடவை படித்திருந்தார்.

"தெரிஞ்சா நான் ஏன் கேக்கேன், உபதேசியாரே? நாப்பது பேர் இருக்கீங்க. ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."