கீரைத்தண்டு ஊன்றிய ஆண்டவர்

செங்கரட்டு மலையாண்டவர் பக்கத்தில் சாத்தி வைக்கும் சந்தனக் கோல், ஒரு மார்கழிக் காலையில் இரண்டாக ஒடிந்தது. ஒடித்தது இடியும் அல்ல, மின்னலும் அல்ல. கோயில் மணியக்காரன் நஞ்சப்பனின் உடம்பு. வாகன மண்டபத்தைப் பூட்ட வந்தவனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. "ஒரே நிமிஷம், ஆண்டவனே" என்று, உலா நாள்வரை அங்கே வைத்திருக்கும் கோலின்மேல் சாய்ந்தான். உள்ளே செல்லரித்திருந்த கோல் மளுக்கென்றது. விழுந்தவன் முதலில் பார்த்தது முழங்காலை அல்ல, வாசலை. யாரும் தெரியவில்லை. இரண்டு துண்டுகளையும் மயில் வாகனத்தின் பொந்தான வயிற்றுக்குள் திணித்துவிட்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி விபூதி பூசிக்கொண்டான். இதை எழுதுபவன் முகம் மழிக்கும்போதெல்லாம் கண்ணாடியில் தெரிகிற ஆள் அந்த நஞ்சப்பன்தான். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத மனம் வரவில்லை.

மரியாதைக்கு உரியவர் பாவாத்தாள் அம்மையார். கீரை விற்றுப் பிழைத்தவர். தினமும் விற்கப் புறப்படும் முன்பே முந்நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறி, முதல் கட்டை மடப்பள்ளிக்குக் கொடுத்துக் கும்பிட்டு இறங்குவார். அந்தப் படியில்தான் ஒரு மழைநாளில் அவர் கணவர் சறுக்கி விழுந்து, எழாமலே போனார். "இன்னுமா அந்தச் சாமியக் கும்புடறே?" என்று கேட்டவர்களிடம் அம்மையார், "கையில ஊனிக்க ஒரு கோல் இருந்திருந்தா தப்பிச்சிருப்பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

மலைமேல் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாதென்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆகவே தம் வீட்டுப் பின்புறம், குளித்த தண்ணீர் ஓடும் இடத்தில் சக்கரவர்த்திக் கீரை விதைத்தார். திடமான செடிகளை அறுக்காமல் விட்டு, பக்கக் கிளைகளை மட்டும் கிள்ளி, தலைக்குமேல் வளர்த்தார். முற்றியதும் வேரோடு பிடுங்குவார். வேர்முண்டுதான் கைப்பிடி. நுனியில் கல்லைக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால், புகையில் நேராகக் காயும். தோல் சீவி, தேங்காய் நாரால் தேய்த்து, நல்லெண்ணெய் பூசி, அடிவாரத்துப் பானையில் செருகி வைப்பார். ஏறுகிறவர்கள் எடுத்துப் போவார்கள். இறங்கியதும் திருப்பிச் செருகுவார்கள்.

கோலைக் காணோம் என்று ஊர் கூடியபோது நஞ்சப்பனுக்கு எல்லார்மேலும் சந்தேகம். குருக்கள் இருமினால் அது தன்னைப் பார்த்து இருமியதுபோலிருந்தது. பூக்காரர் சிரித்தால் விஷயம் தெரிந்த சிரிப்பாகப் பட்டது. எல்லாரையும்விட, கோல் ஒடிந்த காலையில் மலையேறி வந்த பாவாத்தாள் பார்த்திருப்பாளோ என்பதுதான் பெரிய பயம். முந்திக்கொண்டான்.

"கோலும் கையுமாத் திரியறது இந்த ஊர்ல ஒருத்திதானே? கேளுங்க. இத்தனை கோலுக்கு மரம் எங்கிருந்து வருது?"

"ஊட்டுக் கீரைங்க" என்றார் அம்மையார்.

"கீரைத்தண்டுல ஊன்றுகோலா? அப்ப வெண்டைக்காய்ல விட்டம் போடலாமே."

ஊர் சிரித்தது. "சந்தனக் கோல எடுத்தது யாரு?" என்று அவன் அதட்டினான்.

"சாமிக்குத் தெரியுமுங்க."

அந்தப் பதில் அவன் தூக்கத்தைக் கெடுத்தது. கோல் கிடைக்கும்வரை பாவாத்தாள் படியை மிதிக்கக் கூடாதென்று தீர்ப்பானது. இருபது வருஷமாக ஒருநாள் தவறாமல் கண்ட ஆண்டவர் முகத்தை இனிக் காண முடியாது. அம்மையார் முதல் படிக்கு இப்பால் நின்று கும்பிட்டுவிட்டுக் கோல்களைப் பானையில் செருகினார். மறுநாள் அவற்றை யாரோ ஒடித்துப் போட்டிருந்தார்கள். பொறுக்கியெடுத்து அடுப்பெரித்தார், அந்தப் புகையிலேயே அடுத்த தண்டைக் காயவிட்டார்.

நஞ்சப்பன் சோதனை போடுகிறேன் என்று அவர் வீட்டுக்கே போனான். பின்புறம் ஆளுயரத்துக் கீரை. அடுப்புக்கு மேலே கல் கட்டிய தண்டு. கண்ணால் கண்டும், 'என்னை ஏமாற்றத்தான் இவ்வளவு உயரம் வளர்த்திருக்கிறாள்' என்று நினைத்தான். அவனுடைய புத்தி அந்த அழகில் இருந்தது.

தைப்பூசத்தன்று ஆண்டவர் மலையிறங்க வேண்டும். தேக்கில் புதுக்கோல் கடைந்து வந்தது. வழக்கப்படி குருக்கள் வெள்ளரளியையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் பொதிந்து சந்நிதியில் போட்டு, வெளியூர்க்காரர் ஒருவரை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால் சம்மதம். மூன்று முறையும் சிவப்பே வந்தது. ஆண்டவர் கோலில்லாமலே இறங்கினார்.

அடிவாரத்தில் பல்லக்கை இறக்கியதும் குருக்களின் கண் பானையில் நின்றது. அதில் ஒரே ஒரு கீரைத்தண்டு. அதை வைத்துப் பூக் கேட்டார். வெள்ளை. நம்பாமல் மறுபடி கேட்டார். வெள்ளை. மூன்றாவது முறை எடுத்த பொட்டலமும் வெள்ளை. கோலை ஆண்டவர் பக்கத்தில் சாத்தியபோது, சிரித்த ஊர் கைகூப்பி நின்றது. அம்மையார் ஒதுங்கி நின்று அழுதார்.

நஞ்சப்பன் படியேறினான். முழங்கால் ஒவ்வொரு படியிலும் அவனைத் திட்டியது. மயிலின் வயிற்றிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து வந்து ஆண்டவர் முன்னே வைத்து, எல்லார் காதிலும் விழும்படி, "ஒடிச்சது நான்தான்" என்றான். குருக்கள் இருமவில்லை. இத்தனை நாள் அரித்த சந்தேகத்தோடு அம்மையார் பக்கம் திரும்பினான்.

"ஆத்தா, இப்பவாச்சும் நேராச் சொல்லு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்க. கீரை குடுக்க வந்தப்ப மண்டபத் தூணுக்கு அந்தப் பக்கந்தான் நின்னேன். மயிலு வயித்துல திணிச்சதையும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலே?"

"கால் நோவுல சாஞ்சீங்க. சாமியக் கூப்புட்டுட்டு, சாமி கோல்மேலதான் சாஞ்சீங்க. அதைப் போய்க் குத்தம்னு நான் எப்படீங்க சொல்றது? உங்களுக்குன்னு ஒரு தண்டு காயப் போட்டிருக்கறேன். கொஞ்சம் தடிமனாவே."

சாய வந்த எவரையும் விழவிடாத பாவாத்தாள் அம்மையார் பாதம், ஆண்டவர் இறங்கும் படிதோறும் விளங்குக.