மூப்பர் கண்டுபிடித்த பிசாசு

கடலோர ஊர் வானொலியில் கூட்டிப் பெருக்க வந்தவள் ஜெர்லின். ஞாயிறு மாலை மட்டும் மைக்கைப் பிடித்து, கிதார் அலற இயேசுவைப் பாடும் மெட்டல் பாட்டுகளைப் போடுவாள். நிலையத் தலைவரும் சபை மூப்பருமான ஞானசிகாமணிக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு நேரலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

“பிசாசு உறுமாத பாட்டு ஒண்ணு போடு பிள்ள. இல்லேன்னா இன்னையோட உன் நிகழ்ச்சிக்குப் பூட்டு.”

“நீங்களே கேட்டுச் சொல்லுங்க ஐயா,” என்று ஒன்றைப் போட்டாள். டிரம் அதிர, ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது.

“இந்தா உறுமுதே, சாட்சாத் பிசாசு,” என்றார் மூப்பர்.

ஜெர்லின் கிதாரையும் டிரம்மையும் மெல்லக் குறைத்தாள். மிஞ்சிய குரல், போன கன்வென்ஷன் கூட்டத்தில் மூப்பரே பண்ணிய ஜெபம்.

“வாத்தியம் மட்டும்தான் ஐயா எங்களுது.”

ஊரே ரேடியோ முன்னால் சிரித்தது. மூப்பர் பூட்டை மறந்து எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அடுத்த ஞாயிறும் நம்ம பாட்டைப் போடுவியா?”