மூன்று தண்ணீர்ப் பந்தலும் ஓர் அகப்பைக் கஞ்சியும்

கேளுங்கள், சிறுசும் பெருசும் கேளுங்கள். ஒவ்வொரு ராஜாவும் ஓர் ஏரியை வெட்டித் தன் பேரை வைத்துவிட்டுப் போன காலத்தில், வேலாண்டி என்று ஓர் ஓட்டக்காரன் இருந்தான். ராஜாவின் ஆட்கள் சொல்லும் சேதியை வாயால் சுமந்துகொண்டு ஊர் ஊராக ஓடுவது அவன் வேலை. ஓலை கிடையாது, முத்திரை கிடையாது. கையில் ஒரு செம்புக் காப்பு மட்டும் உண்டு. அதைப் பார்த்தால் இவன் ராஜாவின் ஆள் என்று எவருக்கும் தெரியும்.

ஓடி ஓடி அலுத்துப்போன மனிதன் அவன். முழங்கால் வலிக்காமல் விடிந்த நாளே இல்லை. "இந்த ஓட்டத்தோட சரி, இனிமே வீட்டோட கெடக்கப் போறேன்" என்பான், ஒவ்வோர் ஓட்டத்துக்கும். அவன் பெண்டாட்டி பேச்சியும் நம்பினவள் மாதிரித் தலையை ஆட்டுவாள். மறுநாள் யாராவது வந்து கூப்பிட்டால் போய்விடுவான். மாட்டேன் என்ற சொல் அவன் வாயில் வராது.

ஒரு கோடையில் மலைமேல் அடைமழை. கீழே சமவெளியில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வெயில் கொளுத்தியது. முந்தின நாள் சேதி கொண்டு மலைக்கு வந்திருந்த வேலாண்டியை மலைக்காவல் தலைவன் விடிந்ததும் அழைத்தான்.

"வேலாண்டி, காட்டாத்துல வெள்ளம் பொங்கி வருது. பொழுது சாயறப்ப தாழையூர் ஏரியில போய் விழும். அங்க கலிங்குல பலகை போட்டு அடைச்சு, ஏரி தளும்பத் தளும்பத் தண்ணியத் தேக்கி வச்சிருக்கானுவ. நீ வெள்ளத்துக்கு முந்திப் போயி ஏரிக்காவலன்கிட்ட மூணு சொல்லு சொல்லணும். மதகை மூடு. கலிங்கைத் திற. கரைக்குக் கீழ இருக்கவங்கள மேடேத்து."

மதகு என்பது வயலுக்குத் தண்ணீர் விடும் வாய். கலிங்கு என்பது ஏரியில் மிஞ்சின தண்ணீர் வெளியேறிப் போகும் வழி. கலிங்கு அடைபட்டிருந்தால் வெள்ளம் கரையை உடைக்கும். கரைக்குக் கீழேதான் வேலாண்டியின் வீடு. பேச்சியும், இப்போதுதான் நடை பழகும் மகளும் அங்கேதான் இருந்தார்கள்.

வேலாண்டி ஓடினான். மதகை மூடு, கலிங்கைத் திற, ஆளை மேடேத்து. காலடிக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே ஓடினான்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அந்த நாட்டில் கோடை வந்தால் பெரிய மனிதர்கள் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் காலியான பானைகளைப் பந்தலுக்கு முன்னால் கவிழ்த்து அடுக்குவார்கள். யாருடைய அடுக்கு உயரமோ அவருக்குத்தான் புண்ணியம் அதிகம் என்று ஊரில் பேச்சு. தர்மத்திலும் ஒரு போட்டி! தண்ணீர் வேண்டாம் என்றால் கொடுக்கிறவரின் புண்ணியத்தைத் தட்டிவிட்ட பாவம் வேறு வந்து சேருமாம். தாகத்தோடு வருகிறவன் என்னதான் செய்வான், சொல்லுங்கள்.

முதல் பந்தல் வணிகர் பொன்னையாவுடையது. வேலாண்டி உண்மையிலேயே நா வறண்டு வந்திருந்தான். முதல் செம்புத் தண்ணீர் தேனாக இறங்கியது. இரண்டாவதும் நன்றாகத்தான் இருந்தது. அதோடு எழுந்தான்.

"ஒக்காருப்பா. ஒரு பானைகூட இன்னும் கவுரல. தூரம் போற ஆளு, நல்லாக் குடிச்சுட்டுப் போ" என்று பொன்னையா கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஊற்றினார். மறுபடியும் ஊற்றினார். பானை கவிழ்ந்த பிறகுதான் விட்டார்.

இரண்டாவது பந்தல் மணியக்காரருடையது. அவருக்கும் பொன்னையாவுக்கும் ஆகாது.

"ஐயா, வயிறு நெறஞ்சிருக்கு" என்றான் வேலாண்டி.

"அவன் பந்தல்ல நெறைய நெறையக் குடிச்சிருக்க. எங்கிட்ட மட்டும் கசக்குதோ?"

வேலாண்டி குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். வயிறு மத்தளமாக உப்பியது. எழுந்து ஓடியபோது தலை விண்விண் என்று தெறித்தது. காலையில் தளர்வாகக் கிடந்த காப்பு இப்போது மணிக்கட்டைக் கவ்விப் பிடித்தது. மதகை மூடு, கலிங்கைத் திற... அப்புறம்? மூன்றாவது சொல் நழுவிப் போயிருந்தது.

மூன்றாவது பந்தல் இளைய ராணியுடையது. ராணி அங்கே இல்லை, ஈட்டியோடு காவலன்தான் நின்றான்.

"அரமனத் தண்ணி. வேணாங்கிறது ராணியம்மாவ வேணாங்கிற மாதிரி. குடி."

சாமி, முடியலை என்று சொல்ல வேலாண்டி வாயைத் திறந்தான். திறந்த வாயில் தண்ணீர் விழுந்தது.

அதன் பிறகு அவன் ஓடவில்லை, தள்ளாடினான். தண்ணீர் குடித்துத் தள்ளாடும் மனிதனை யாரும் கண்டதில்லை. கள் குடித்தவன் என்று வழியில் போனவர்கள் சிரித்தார்கள். பாதை இரண்டாகத் தெரிந்தது. வேலியோரம் குனிந்து, குடித்ததில் பாதியை வாந்தி எடுத்தான். வாய் மட்டும் ஓயாமல் முணுமுணுத்தது. மதகைத் திற, கலிங்கை மூடு. மதகைத் திற, கலிங்கை மூடு. சேதி தலைகீழாகிவிட்டது அவனுக்கே தெரியவில்லை. அந்தக் குழப்பத்தோடு அவன் போய்ச் சேர்ந்திருந்தால் பேச்சியையும் குழந்தையையும் அவன் வாயே கொன்றிருக்கும்.

நல்ல வேளை, வழியில் குருவம்மாள் இருந்தாள்.

குருவம்மாள் புளியமரத்தடியில் கஞ்சி விற்கிறவள். அந்த வட்டாரத்திலேயே அவளைப்போல் கருமி கிடையாது. கஞ்சியில் உப்பை அள்ளிப் போடுவாள். கஞ்சியும் சீக்கிரம் கெடாது, குடிக்கிறவனும் இன்னோர் அகப்பை கேட்க மாட்டான் பாருங்கள். வேலாண்டி அவள் காலடியில் போய் விழுந்தான்.

"அக்கா, தண்ணி..." என்றான். வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. மூன்று பந்தலிலும் காதில் விழுந்த சொல் தானாக வந்தது.

"தண்ணியா? கெணறு எங்க இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? சொட்டுத் தண்ணி தர மாட்டேன்" என்றாள் குருவம்மாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சட்டி அடியில் சுண்டிப்போன கஞ்சி கொஞ்சம் மீந்திருந்தது. கீழே கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. "இந்தா, இதக் குடி. ஒரு பருக்க மிச்சம் வைக்கக் கூடாது, வழிச்சுக் குடிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும். சும்மா குடுத்தேன்னு ஊர்ல போயிச் சொல்லிறாத."

கஞ்சி உப்புக் கரித்தது. வேலாண்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு மெல்ல மெல்ல வழித்துக் குடித்தான். மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினான். எல்லாம் போதும் என்றிருந்தது அவனுக்கு. ஓட்டம் போதும், வெயில் போதும், உயிரே போதும். உப்பு உடம்பில் ஏறியது. சற்று நேரம் கழித்து அடிவயிறு முட்ட, மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான். வெகுநேரம் நின்றான். நிற்க நிற்கப் பாரம் இறங்கியது, தலைவலி தணிந்தது, பாதை ஒன்றாகத் தெரிந்தது.

அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. கலிங்கை மூடினால் மிஞ்சின தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

"ஐயோ, பேச்சி!" என்று அலறிவிட்டான். சேதி முழுவதும் நினைவுக்கு வந்துவிட்டது. ஆளை மேடேத்து, கலிங்கைத் திற, மதகை மூடு.

முழங்கால் கதற, ஓடினான். வழியில் குடிக்கச் சொல்லித் தண்ணீர் தூக்கி வந்தவர்களைக் கையால் விலக்கிவிட்டு ஓடினான். ஏரிக்காவலனிடம் மூன்று சொல்லையும் முறையாகச் சொன்னான். மதகை மூடினார்கள். கலிங்கில் பலகைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கரைக்குக் கீழே இருந்தவர்கள் ஆடு மாடு, குஞ்சு குளுவானோடு மேடேறினார்கள். பொழுது சாயும்போது வெள்ளம் வந்தது. ஏரியில் விழுந்தது, கலிங்கு வழியாகச் சீறி வெளியே போனது. கரை நின்றது.

மறுநாள் பொன்னையா, மணியக்காரர், ராணியின் காவலன் மூவரும் வந்தார்கள். ஊரைக் காத்தது தத்தம் பந்தல் தண்ணீர்தான் என்று மூவரும் சண்டை போட்டார்கள். ஊரும் மூவருக்கும் மாலை போட்டது. குருவம்மாளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் கடையை விட்டு வந்திருக்க மாட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது முந்தின நாள் சாயங்காலத்தை. மேட்டில் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் வேலாண்டி. காப்பு மறுபடியும் மணிக்கட்டில் தளர்ந்து ஆடியது. பேச்சி கண் கலங்க ஒரு பெரிய செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, தன் கையாலேயே அவன் வாயில் வைத்தாள். அவன் ஒரு மிடறு குடித்தான். செம்பை மெல்ல விலக்கினான்.

"போதும் பேச்சி" என்றான். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஏரிக்குக் கலிங்கு எப்படியோ மனிதனுக்குப் 'போதும்' என்ற சொல் அப்படி. உயிர் காக்கும் தண்ணீரே ஆனாலும், தாகம் தீர்ந்த பிறகு பிறருக்காகக் குடித்தால் உடம்பையும் புத்தியையும் கெடுக்கும்.